தேவதாசி ஒழிப்பும் மூன்று பெண்களின் வாழ்வும்

இந்தியச் சமூகச் சீர்திருத்த வரலாற்றை எழுதுவோர் பெண்களைப் பெரும்பாலும் அவ்வியக்கங்களின் பயனைப் பெற்றவர்களாகவே காட்டுவர். உடன்கட்டை ஏறுதலைத் தடுத்தமைக்காக இராஜாராம் மோகன் ராயும், விதவை மறுமணத்தைச் சட்டமாக்கியமைக்காக ஈசுவர சந்திர வித்தியாசாகரரும் நினைவுகூரப்படுகின்றனர். அவர்தம் பணியின் பெருமையை மறுப்பார் இலர். ஆயினும், சீர்திருத்தத்திற்கு உட்படுத்தப்பட்ட பெண்கள் அதனைப்பற்றி யாது நினைத்தனர் என்ற வினா அவ்வரலாறுகளிற் பெரும்பாலும் எழுவதில்லை.

தென்னாட்டில் நிகழ்ந்த தேவதாசி ஒழிப்பு இயக்கம் இவ்வகையில் வேறுபட்டதொன்றாகும். இங்கே ஆதரித்துப் பேசியோரிலும் பெண்கள் இருந்தனர். எதிர்த்து வாதாடியோரிலும் பெண்கள் இருந்தனர். அவர்களுள் தலையாய மூவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர். மூவரும் 1878 ஆம் ஆண்டிற்கும் 1886 ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட எட்டாண்டுக் காலத்துட் பிறந்தவர்கள். மூவரும் ஏதோவொரு வகையிற் கோயிற் கலைமரபினரோடு பிறப்பாலோ வளர்ப்பாலோ தொடர்புற்றவர்கள். எனினும் ஒரே வினாவிற்கு மூவரும் வெவ்வேறு விடைகளைக் கண்டனர். அவ்விடைகள் எவ்வாறு அவரவர் வாழ்விலிருந்து முகிழ்த்தன என்பதையும், ஒன்றையொன்று மறுக்கும் அவ்விடைகளை இன்று நாம் எவ்வாறு மதிப்பிடல் வேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பும் அதன் பொருளியல் அடித்தளமும்

தேவதாசி முறையை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் நோக்குவது வரலாற்று நோக்காகாது. அதற்கு உறுதியான பொருளியல் அடித்தளம் ஒன்றிருந்தது. முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெருங்கோயிலைச் சூழ நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல்லும் வழங்கியமையை அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. இடைக்காலத்தில் இம்முறை பல மாற்றங்களை அடைந்தபோதும், கோயிற் பணிக்கு ஈடாக நிலவருவாயை அனுபவித்தல் என்னும் அடிப்படை பிரித்தானியர் காலம்வரை நிலைத்தது. பொட்டுக்கட்டப்பட்ட பெண் கோயிலிற் பணிபுரியும்வரை மானிய நிலத்தின் பயன் அவளுக்குரியது. பணியைத் துறந்தால் நிலத்தையும் இழக்க நேரிடும். எனவே ஒரு குடும்பம் தன் நிலத்தைக் காத்துக்கொள்ள விரும்பின், தலைமுறைக்கு ஒரு பெண்ணையேனும் பொட்டுக்கட்டியாதல் வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று.

இம்முறைக்கு இரு முகங்கள் இருந்தன. குலப்பெண்டிருக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலத்தில் இப்பெண்கள் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றனர். இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். சொத்துரிமை தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. தத்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கிருந்தது. இது ஒரு முகம். தன் விருப்பம் யாதென அறியாப் பருவத்திலேயே ஒரு சிறுமியின் வாழ்வு தீர்மானிக்கப்பட்டமையும், செல்வரின் ஆதரவை நாடியே அவள் வாழவேண்டியிருந்தமையும், மணவாழ்வு அவளுக்கு மறுக்கப்பட்டமையும் மற்றைய முகம். 1855 இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றபின் அரச ஆதரவு அற்றுப்போகவே, கலைஞர் பலர் சென்னையை நோக்கிப் பெயர்ந்தனர். மன்னர் அவையின் இடத்தை வணிகரும் சமீந்தார்களும் பெற்றனர். இச்சூழலில் முதல் முகம் மங்க, இரண்டாம் முகமே ஓங்கித் தெரிந்தது. 1890 களின் தொடக்கத்தில், ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வகுப்பினரும் கிறித்தவ மிஷனரிமாரும் சென்னையில் நாட்டிய எதிர்ப்பு இயக்கத்தைத் தொடக்கியமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும்.

நாகரத்தினம்மாள்: மரபினுள் நின்று போராடியவர்

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878 இல் மைசூரைச் சார்ந்த நஞ்சன்கூட்டிற் பிறந்தார். இளமையிலேயே இசையும் நடனமும் மொழிகளும் கற்று, மைசூரிலும் பெங்களூரிலும் புகழ்பெற்று, பின்னர் சென்னையிற் குடியேறினார். தம் குலத்தின் கல்விச் செல்வத்தைத் தாழ்வாக எண்ணாது பெருமையாகக் கொண்டவர் அவர். அப்பெருமையே அவரை முதற் போராட்டத்திற்கு இட்டுச் சென்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மரின் அவையை அணிசெய்த முத்துப்பழனி என்னும் தாசிக் கவிஞர், ‘ராதிகா சாந்துவனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய பதிப்பில், அவர் தம்மையும் தம் தாய்வழி முன்னோரையும் பற்றிக் கூறிய பகுதிகளும் சில செய்யுள்களும் நீக்கப்பட்டிருந்தன. தெலுங்குச் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் அந்நூலை ஆபாசமானது எனக் கண்டித்தார். நாகரத்தினம்மாள் மூல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1910 இல் அக்காவியத்தை முழுமையாகப் பதிப்பித்தார். நாணம் என்பது பெண்களுக்கு மட்டும் உரியதா, ஆண் புலவர் இதனினும் மிகையாகச் சிருங்காரம் பாடியபோது கண்டியாதோர் ஒரு பெண் பாடியதும் கண்டிப்பது எந்நீதி என்னும் கருத்தமைய அவர் வாதிட்டமை குறிப்பிடத்தக்கது. 1911 இல் அரசாங்கம் அந்நூலைத் தடைசெய்தது. அத்தடை நீங்கியது 1947 இல், தங்குதூரி பிரகாசம் முதலமைச்சராயிருந்த வேளையிலாகும். ஒரு பெண் எழுதிய நூலைப் பிறிதொரு பெண் பதிப்பித்தமைக்கு எழுந்த தடை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவரது இரண்டாவது போராட்டம் திருவையாற்றில் நிகழ்ந்தது. காவிரிக்கரையிலே சிதைந்து கிடந்த தியாகராச சுவாமிகளின் சமாதியைக் கண்டு மனம்வருந்திய அம்மையார், தமது உழைப்பால் ஈட்டிய பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1921 இல் தொடங்கிய திருப்பணி 1925 இல் குடமுழுக்குடன் நிறைவுற்றது. ஆனால் ஆண்டுதோறும் நடைபெற்ற ஆராதனையில் ஆடவர் இரு கட்சிகளாகப் பிரிந்து பாடினரேயன்றி, பெண்கள் எவரும் பாட அனுமதிக்கப்படவில்லை. கோயிலைக் கட்டியவரே அங்கே பாடமுடியாத நிலை. இதனை ஏற்க மறுத்த அவர், 1927 இற் பெண்கள் கட்சி என மூன்றாவது குழுவை அமைத்து, சமாதியின் பின்புறத்தே பெண்களைக் கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1940 களின் தொடக்கத்தில் மூன்று கட்சிகளும் ஒன்றுபட்டன. பெண்களின் குரலும் பொது ஆராதனையில் இடம்பெற்றது. 1952 இல் அவர் மறைந்தபோது தம் சொத்தை அக்கோயிலுக்கே விட்டுச் சென்றார். அங்கே பெண்களுக்குப் பங்கு மறுக்கப்படலாகாது என்பதையும் வலியுறுத்திச் சென்றார்.

இத்தகைய ஒருவர் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்தமை வியப்பன்று. 1927 ஐ ஒட்டிய காலத்தில் சென்னையிலே தேவதாசிகள் சங்கமாகக் கூடி அரசாங்கத்திற்கு விண்ணப்பங்கள் அனுப்பியபோது, அம்முயற்சியில் முன்னின்றோருள் அவரும் ஒருவர். தங்களைப் பொதுமகளிரோடு ஒன்றாக எண்ணுதல் தவறு என்றும், குறைகள் உளவாயின் அவற்றுக்கு மருந்து கல்வியேயன்றி ஒழிப்பு அன்று என்றும், தங்களைக் கேளாது தங்களைப்பற்றிச் சட்டம் இயற்றுதல் முறையன்று என்றும் அவர்கள் வாதிட்டனர்.

முத்துலட்சுமி ரெட்டி: சட்டத்தின் துணையை நாடியவர்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 இற் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். தாயின் குலம் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதை அவர் சிறுவயதிலேயே உணர்ந்திருந்தார். புதுக்கோட்டைக் கல்லூரியில் ஆண்களுடன் பயில அவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்பெழுந்தது. மன்னரின் இசைவினாலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1907 இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912 இற் பட்டம்பெற்றார். பிரித்தானிய இந்தியாவில் முதற் பெண் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், சென்னைச் சட்டசபையின் உபதலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார்.

நாகரத்தினம்மாள் கலையின் பக்கமிருந்து கண்ட அமைப்பை முத்துலட்சுமி மருத்துவரின் பக்கமிருந்து கண்டார். நோயும், பால்மணம் மாறாச் சிறுமியரின் துன்பமும், தாய்மார் மகளிர்க்கு விட்டுச் சென்ற அவமானமும் அவர் முன் நின்றன. 1927 இல் தேவதாசி முறையை ஒழிக்கவேண்டுமெனும் தீர்மானத்தைச் சட்டசபையிற் கொணர்ந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் மரபையும் கலையையும் காரணங்காட்டி அவரது முயற்சியை எதிர்த்தனர்.

முத்துலட்சுமியின் செயல்களுள் மிகுந்த நுண்மை வாய்ந்தது 1929 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமாகும். மானிய நிலத்திற்கும் கோயிற் பணிக்கும் இடையிலிருந்த பிணைப்பை அத்திருத்தம் அறுத்தது. அதன்படி, பணியைத் துறந்த பெண்ணும் தான் அனுபவித்துவந்த நிலத்தைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். நிலத்தைக் காப்பதற்காக மகளைப் பொட்டுக்கட்டவேண்டிய நிர்ப்பந்தம் இதனால் நீங்கியது. ஒழுக்கத்தைப் போதிப்பதைவிட, ஒழுக்கக்கேட்டைத் தோற்றுவிக்கும் பொருளியற் காரணத்தை அகற்றுவதே பயன்தரும் என்பதை அவர் உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும். பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் மசோதாவை அவர் அடுத்துக் கொணர்ந்தார். ஆயினும் 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவி துறந்தமையால், அம்மசோதா அவர் கையில் நிறைவேறவில்லை.

சட்டம் எழுதுவதோடு அவர் நின்றாரல்லர். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறி அடைக்கலம் தேடிய பெண்களை ஏற்க விடுதிகள் தயங்கியபோது, தமது இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஒளவை இல்லமாக வளர்ந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரம் 1954 இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. அவர் 1968 இற் காலமானார்.

இராமாமிர்தம் அம்மையார்: உள்ளிருந்து உடைத்தவர்

மூவருள் மிகக் கடுமையான வாழ்வை அனுபவித்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எனலாம். 1883 இற் பிறந்த அவர், வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே ஒரு தாசியிடம் சொற்ப தொகைக்கு ஒப்படைக்கப்பட்டார். ஆடலும் பாடலும் கற்றார். தமக்கென வகுக்கப்பட்ட வழியிற் செல்ல மறுத்து, தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார். முத்துலட்சுமிக்குத் தாயின் வரலாறாகவும், நாகரத்தினம்மாளுக்குக் குலத்தின் பெருமையாகவும் அமைந்தது இராமாமிர்தத்திற்குத் தம் உடலின் அனுபவமாகவே இருந்தது.

முதலிற் காங்கிரசிலும் பின்னர் பெரியார் ஈ. வெ. இராமசாமியின் சுயமரியாதை இயக்கத்திலும் அவர் பணியாற்றினார். பொட்டுக்கட்டும் செய்தி அறிந்தவிடமெல்லாம் சென்று தடுக்க முயன்றார், மாநாடுகள் கூட்டினார், முத்துலட்சுமியின் சட்ட முயற்சிக்கு ஊர்தோறும் ஆதரவு திரட்டினார். சட்டசபையில் ஒருவர் பேசியதை, தெருவிலும் திண்ணையிலும் மற்றவர் பேசினார். ‘குடியரசு’ இதழிலே தமது வாழ்க்கைக் கதையை எழுதினார். 1936 இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். கலைநுணுக்கத்தை நாடுவோருக்கு அந்நாவலிற் குறைகள் தென்படலாம். பாத்திரங்கள் நெடும் பிரசங்கம் செய்கின்றன. கதை பிரசாரத்திற்கு அடங்கியே செல்கின்றது. ஆயினும் தாய்க்கிழவி பேரம் பேசும் விதம், மைனரின் சொத்து சிறிது சிறிதாகக் கைமாறும் விதம், வீட்டில் மனைவி படும் துயர் ஆகியவற்றை அவ்வமைப்பை உள்ளிருந்து அறிந்த ஒருவராலன்றி எழுதுதல் அரிது. அவ்வகையில் அது ஒரு சமூக ஆவணமுமாகும்.

1938 இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் எழுந்தபோது, ஐம்பது வயதைக் கடந்திருந்த அவர் திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகச் சென்ற படையிற் பங்குகொண்டார். அவ்வாண்டு நவம்பரிற் பெண்கள் மாநாட்டை அடுத்து நிகழ்ந்த மறியலிற் கைதாகிச் சிறைசென்றார். தேவதாசி ஒழிப்பு அவருக்குத் தனிப் பிரச்சினையன்று. சாதி, சமயம், மொழி ஆகிய யாவற்றிலும் மனிதரின் சுயமரியாதையை நிலைநாட்டும் பெரும் போராட்டத்தின் ஒரு கூறாகவே அவர் அதனைக் கொண்டார். 1962 இல் அவர் மறைந்தார்.

வென்றது யாது, இழந்தது யாது?

முத்துலட்சுமி தொடங்கிய பணி 1947 இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக நிறைவுற்றது. பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று, பொட்டுக்கட்டப்பட்ட பெண் சட்டப்படி மணம்புரியும் உரிமையும் உறுதிப்படுத்தப்பட்டது. இது மாபெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. சிறுமியரின் வாழ்வை அவர்தம் சம்மதமின்றித் தீர்மானிக்கும் ஒரு வழக்கத்தைக் கலையின் பெயரால் எவரும் நியாயப்படுத்த முடியாது. இவ்விடயத்தில் முத்துலட்சுமியும் இராமாமிர்தமும் கொண்ட நிலைப்பாடே சரியானது என்பது எமது துணிபு.

ஆயினும் அச்சட்டம் கோயில் எல்லைக்குள்ளும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் தடைசெய்தது. இதே காலப்பகுதியில் அதே ஆடல் பிறிதோர் இடத்தில் உயர்வு பெற்றுக்கொண்டிருந்தது என்பதை இங்கே ஒப்புநோக்குதல் தகும். 1935 இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டிற் கலாக்ஷேத்திரம் தோன்றியது. சதிர் என வழங்கிய ஆடல் பரதநாட்டியம் என்னும் பெயரோடு உயர்சாதி மத்தியதர வகுப்பு மகளிரின் கலையாயிற்று. பரம்பரை நட்டுவனார்கள் ஆசிரியர்களாகத் தொடர்ந்தனர்; பரம்பரை ஆடல்மகளிரோ மிகப் பெரும்பாலும் மேடையை விட்டு அகன்றனர். வீணை தனம்மாளின் பேர்த்தியான பாலசரசுவதி போன்ற வெகுசிலரே தம் மரபை உலகறிய நிலைநிறுத்த முடிந்தது. கலையிலிருந்து இழிவு நீங்கியபோது, அக்கலையைக் காத்த பெண்களும் அதனின்று நீங்கினர். இது நாகரத்தினம்மாள் அஞ்சியதற்கு மிக அணித்தான விளைவாகும். தங்களுக்குக் கல்வி வழங்கவேண்டும் என அச்சங்கத்தார் விடுத்த கோரிக்கை, ஒழிப்பைக் கோரியோரின் குரலளவிற்கு உரத்துக் கேட்கப்படவில்லை.

எனவே மூவருள் ஒருவரை முற்போக்கர் என்றும் ஒருவரைப் பிற்போக்கர் என்றும் வகுத்துவிடுதல் எளிது, ஆனாற் போதாது. சட்டத்தை எதிர்த்த நாகரத்தினம்மாள் பெண் எழுத்திற்கும் பெண் குரலுக்கும் இடம்தேடியதிற் காலத்தை முந்தி நின்றார். சட்டத்தை ஆக்கிய முத்துலட்சுமி பொருளியற் காரணத்தைத் தெளிவாகக் கண்டார். எனினும் அக்காலத்து மத்தியதர வகுப்பின் ஒழுக்க நோக்கிலிருந்து முற்றாக விடுபட்டாரல்லர். இராமாமிர்தம் சுரண்டலின் கொடுமையை எவரினும் நன்கறிந்தார். ஆயின் அவரது நாவலில் அவ்வமைப்பின் பழியிற் பெரும்பகுதி தாசிகளின்மீதே விழுந்துவிடுகின்றது. ஒருவர் காணாததை மற்றவர் கண்டார். மூவர் கண்டதையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே அவ்வமைப்பின் முழுவுருவம் புலப்படும்.

எமக்கு உணர்த்துவது

இவ்வரலாறு தமிழகத்திற்கு மட்டும் உரியதெனத் தோன்றலாம். ஆனால் யாழ்ப்பாணக் கோயில்களிலும் திருவிழாக் காலங்களிற் சின்னமேளம் நடைபெற்றது. அதற்கெனத் தமிழகத்திலிருந்து ஆடல்மகளிர் வரவழைக்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் நல்லூர்க் கோயிலில் இடம்பெற்ற தாசியர் நடனத்தைக் கண்டித்தார். இருபதாம் நூற்றாண்டிலும் அக்கண்டனம் தொடர்ந்தது. சின்னமேளத்தைக் கண்டித்தோரின் பெயர்களை நாம் அறிவோம். கடல்கடந்து வந்து ஆடிச்சென்ற பெண்களுள் எத்தனை பேரின் பெயர்களை நாம் அறிவோம்? பரதநாட்டியம் எமது பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பாடநெறியாகப் பயிலப்படும் இக்காலத்தில் இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கோயிற் கணக்கேடுகளிலும் திருவிழா விளம்பரங்களிலும் முதியோரின் நினைவுகளிலும் அப்பெயர்கள் சிலவேனும் எஞ்சியிருத்தல் கூடும். அவற்றைத் தேடித் தொகுத்தல் வரலாறு பயிலும் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

நினைவுகூர்தலும் காலத்தோடு மாறுவதொன்றே. 1989 இல் தமிழ்நாட்டு அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்திற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைச் சூட்டியது. 2022 இல் அத்திட்டம் அவர் பெயரிலேயே மாணவியரின் உயர்கல்விக்கான உதவித் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டது. திருவையாற்றிலே தியாகராசர் சமாதியை நோக்கி நாகரத்தினம்மாளின் உருவச்சிலை அமர்ந்திருக்கின்றது. ஒளவை இல்லத்திற் பெண்பிள்ளைகள் இன்றும் கற்கின்றனர். வாழுங்காலத்தில் ஒருவரோடொருவர் உடன்படாத மூவரும் இறுதியில் வேண்டியது ஒன்றே: பெண்ணுக்குக் கல்வியும், தன் வாழ்வைப்பற்றித் தானே பேசும் உரிமையும். சமூகத்தின் எப்பகுதியினரைப்பற்றியும் சட்டம் இயற்ற முற்படுவோரும், அவர்தம் வரலாற்றை எழுத முற்படுவோரும் முதலில் அவர்கள் கூறுவதைச் செவிமடுத்தல் வேண்டும். இம்மூவரின் வாழ்வும் எமக்கு உணர்த்தும் பாடம் அதுவேயாகும்.